தோட்டத்தில மண் கிண்டினா மகனுக்கு வேலை கிடைக்குமா?

அடுத்த கேள்வி கொழும்பு மட்டக்குளியில இருந்து ஒரு அம்மா அனுப்பியிருக்காங்க. மகன் ஓ எல் சோதனை எழுதிட்டு ஒரு வருஷமா வீட்டில தானாம், இப்ப பக்கத்து வெறுங்காணியைத் துப்புரவாக்கி எல்லாருக்கும் பொதுவா மரக்கறித் தோட்டம் போடுறாங்களாம், அதுக்குப் போறானாம். "மண் கிண்டவா பிள்ளையைப் படிக்க வச்சேன், இதில என்ன தொழில் பழகப் போறான்" எண்டு கேட்டிருக்காங்க.

அம்மா, உங்கட கவலை நியாயம். ஏனெண்டா நமக்கு சிரமதானம் நல்லாப் பழக்கம், ஒரு நாள் எல்லாரும் சேர்ந்து வெட்டுவம், கூட்டுவம், பிளேன்டீயும் பிஸ்கட்டும் சாப்பிட்டு வீட்ட போயிருவம், நல்ல விஷயம்தான், ஆனா அதில யாரும் தொழில் பழகுறதில்ல. உங்கட மகன் போறது சிரமதானத்துக்கா, பயிற்சிக்கா, அதை மட்டும் பாருங்க.

நாங்களும் கிராண்ட்பாஸ் பக்கம் ஒரு சின்னத் துண்டுக் காணியில இப்பிடி ஒரு தோட்டத்தை பயிற்சியாவே செய்தம். முதல் நாள் மம்பட்டியைத் தொடவே விடல, நூலும் நாலு முளைக்கம்பும் அளவு டேப்பும் தான். பாத்தி மூலை மட்டமா வரணும் எண்டா மூலையில இருந்து ஒரு பக்கம் 3 அடி, மற்றப் பக்கம் 4 அடி அடையாளம் வச்சு குறுக்க அளந்தா சரியா 5 அடி வரணும், வரலண்டா கோணல். ஒரு மேசன் பாஸ் வந்து காட்டிக்குடுத்தார். ஒரு பொடியன் மூணு தரம் கழட்டிக் கழட்டிக் கட்டினான், முதல்ல 5 அடி 2 அங்குலம், பிறகு 4 அடி 11, கடைசியில சரியா வந்து நிக்கேக்க அவன் டேப்பை விடவே இல்ல, எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டினான். வீட்டுக்கு அத்திவாரம் வெட்டுறதுக்கும் இதே கணக்குத்தான் அம்மா.

பிறகு மண். எங்கட பக்கக் காணியில கட்டிட உடைசலும் போத்தல் துண்டும் தான் கிடக்கு, அதால நிலத்துக்கு மேல செங்கலால சுத்திக் கட்டி உள்ளுக்க மண் நிரப்பணும். பாத்தி 8 அடி நீளம், 4 அடி அகலம், 1 அடி உயரம், அப்ப 32 கன அடி, மூணு பாத்திக்கு 96, ஒரு கியூப் எண்டா 100 கன அடி, அப்ப ஒரு கியூப் போதும் எண்டு ஒரு தங்கச்சி கணக்குப் போட்டா, லொறிக்கார அண்ணா சொன்னார் தண்ணி ஊத்த ஊத்த மண் இறங்கும் பிள்ளை, கொஞ்சம் கூட எடுங்க எண்டு. தெரியாத ஆளோட போன்ல கதைக்கவே பயந்த பிள்ளை, மூணு இடத்துக்கு கோல் பண்ணி விலை கேட்டு கொப்பியில எழுதிக்கொண்டு வந்திச்சு. எனக்கு கத்தரி காய்ச்சதை விட அதுதான் பெரிசு.

மழைத்தண்ணி பீப்பாய்க்கும் ஒரு ஆள் பொறுப்பு. டெங்கு நுளம்பு முட்டையில இருந்து பறக்கிறதுக்கு ஒரு பத்து நாள் போதும், அதால மூடி இறுக்கமா இருக்கா எண்டு பாத்து, கிழமைக்கு ஒருக்கா உரஞ்சிக் கழுவி, திகதி போட்டு கையெழுத்து வைக்கணும். ஒரு கிழமை விட்டாலும் கொப்பியில தெரியும்.

அந்தக் கொப்பிதான் முக்கியம் அம்மா, எண்டைக்கு வந்தான், என்ன செய்தான், யார் சொல்லிக்குடுத்தது, போட்டோ, எல்லாம் அதில இருக்கணும். என்விகியூ எண்டு தொழில் தகைமைச் சான்றிதழ் 1ம் படியில இருந்து 7ம் படி வரைக்கும் இருக்கு தானே, வேலை செய்து பழகினதையே சோதிச்சுப் பாத்து சான்றிதழ் குடுக்கிற முறையும் இருக்கு, ஆர்பிஎல் எண்டு சொல்லுவாங்க, தொழில் பயிற்சிக்கான அரசாங்க நிறுவனம் நைட்டாவில விசாரிக்கலாம். ஒரு தோட்டத்தை மட்டும் காட்டி அது கிடைக்கும் எண்டு நான் பொய் சொல்ல மாட்டேன். ஆனா மேசன் வேலையோ பிளம்பிங்கோ ஒரு பாஸோட சேரப் போகேக்க, டேப் பிடிக்கத் தெரியும், காலையில சொன்ன நேரத்துக்கு நிப்பான் எண்டதுக்கு கையில ஒரு சாட்சி இருக்கும்.

இன்னொண்டு, இதைக் கோவமாத்தான் சொல்றேன். சில இடத்தில பயிற்சி எண்டு கூப்பிட்டு பிள்ளைகளை மாசக்கணக்கா சும்மா கல்லு மண் சுமக்க விடுறாங்க, போட்டோ எடுக்கிற நாளைக்கு மட்டும் டீ ஷர்ட் குடுக்கிறாங்க. அப்பிடி எண்டா மகனை நிப்பாட்டிருங்க, யோசிக்கவே வேணாம்.

வாற சனிக்கிழமை நீங்களும் ஒருக்கா கூடப் போங்க. மகன் வெக்கப்படுவான், பரவாயில்ல. இண்டைக்கு என்ன பழகினாய் எண்டு அங்க வச்சே கேளுங்க, சொல்லிக்குடுக்கிறவர் யார் எண்டு பாருங்க, கொப்பியை எடுத்துக் காட்டச் சொல்லுங்க.