எடையை விட இடுப்புதான் முக்கியம்

நேயர்களுக்கு வணக்கம். என் அப்பாவுக்குக் கைகால் மெலிசு, வயிறு மட்டும் முன்னால் நிற்கும். "நான் என்ன குண்டா?" என்று கேட்பார். 53 வயதில் மாரடைப்பில் போய்விட்டார். பிரிக்ஃபீல்ட்ஸில் என்னிடம் வருகிறவர்களின் தொப்பையைப் பார்க்கும்போதெல்லாம் அவர் ஞாபகம்தான்.

குடலையும் கல்லீரலையும் சுற்றிச் சேரும் கொழுப்பு சும்மா கிடக்கும் மூட்டை இல்லை. அது பெருகப் பெருக வெள்ளை அணுக்கள் அதற்குள் குடியேறி, இன்டர்லூக்கின்-6 போன்ற, வீக்கத்தைத் தூண்டும் பொருள்களை ரத்தத்தில் கலக்கின்றன. காலில் முள் குத்தினால் அந்த இடம் சிவந்து வீங்கி, நாலு நாளில் அடங்கிவிடும். அதற்குப் பெயர் அழற்சி. இதுவும் அதேதான். ஆனால் வலிக்காது, காய்ச்சல் வராது, வருடக்கணக்கில் அடங்காது.

சரி, இதயத்துக்கு இதனால் என்ன? ரத்தக்குழாய்ச் சுவருக்குள் நுழைந்த கெட்ட கொலஸ்ட்ராலை வெள்ளை அணுக்கள் விழுங்கிவிட்டு அங்கேயே தங்கிவிடுகின்றன. அப்படித்தான் கொழுப்புத் திட்டு உண்டாகிறது. அழற்சி ஓயாமல் இருந்தால் அந்தத் திட்டின் மேல்மூடி மெலியும். அது கிழிந்தால் ரத்தம் உறைந்து குழாய் அடைபடும். மாரடைப்பு பெரும்பாலும் இப்படித்தான் வருகிறது. 2017-இல் வந்த கான்டோஸ் என்ற மருந்து ஆய்வில், கொலஸ்ட்ராலைத் தொடாமல் அழற்சியை மட்டும் தணித்த மருந்தே மாரடைப்பைக் குறைத்தது. ஆனால் அதே மருந்து உயிரைப் பறிக்கும் தொற்றுகளையும் கூட்டியது. ஆகவே நமக்கு வழி சாப்பாட்டுத் தட்டில்தான்.

2023 தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியப் பெரியவர்களில் 54.4 விழுக்காட்டினருக்கு அதிக எடை அல்லது உடற்பருமன். நம் இந்தியர்களுக்கோ எடை சரியாக இருந்தாலும் வயிற்றில் கொழுப்பு சேரலாம்.

ரொட்டி சானாயை விட்டுவிடுங்கள் என்று சொல்ல எனக்கு மனமில்லை, எப்போதாவது சாப்பிடுங்கள். ஆனால் கெட்டிப்பால் ஊற்றிய தே தாரிக் தினம் மூன்று கிளாஸ் என்பதை மாற்றியே ஆக வேண்டும். மாமாக் கடையில் 'தே ஓ கோசோங்', அதாவது பாலும் சர்க்கரையும் இல்லாத தேநீர், என்று கேட்டுப் பழகுங்கள், இரண்டு வாரத்தில் நாக்கு ஒத்துக்கொள்ளும். வாழை இலையில் இரண்டாம் முறை சோற்றுக்குப் பதில் கீரையும் பருப்பும் கேளுங்கள். கெம்போங் (கானாங்கெளுத்தி) மீனில் ஒமேகா-3 என்ற நல்ல கொழுப்பு நிறைய உண்டு. பொரிக்காமல் குழம்பு வையுங்கள். எடை கொஞ்சம் குறைந்தாலும் ரத்தத்தில் அழற்சியின் அளவு இறங்கும்.

இன்றிரவு வீட்டில் எல்லோருக்கும் இடுப்பை அளவெடுங்கள். ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80. அதற்கு மேல் போனால் கிளினிக்கில் ரத்த அழுத்தம், சர்க்கரை, கொலஸ்ட்ரால் மூன்றையும் பாருங்கள். நாடாவைக் கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில் சுற்ற வேண்டும். மூச்சை விட்ட பிறகு அளக்க வேண்டும். வயிற்றை உள்ளே இழுக்காதீர்கள்.