மழை நாளில் நாகசாகி

அவையோருக்கு வணக்கம்.

நீண்ட கப்பல் பயணம் போய்வந்தவர்கள் சிலர் இங்கே இருக்கிறீர்கள். போகலாமா என்று யோசிப்பவர்களும் இருக்கிறீர்கள். உங்களிடம் ஒரே ஒரு நாளைப் பற்றித்தான் பேசப்போகிறேன். ஜப்பானின் நாகசாகித் துறையில் எங்கள் கப்பல் நின்ற நாள். ஜூன் மாதம், அங்கே மழைக்காலம். விடிந்ததிலிருந்து மழை விடவே இல்லை.

குரூஸ் கப்பலில் போகிறவர்களுக்கு ஒரு ஊரில் கிடைப்பது பெரும்பாலும் ஒரு பகல்தான். அன்றைக்குப் பார்த்து மழை பிடித்துக்கொண்டால் பலர் இறங்கவே மாட்டார்கள். அன்று காலைச் சாப்பாட்டின்போது எந்த மேசையிலும் ‘இன்றைய நாள் போச்சு’ என்ற பேச்சுதான். நான் சொல்ல வந்தது அதற்கு நேர்மாறானது. நாகசாகியை மழையில்தான் பார்க்க வேண்டும். அந்த ஊரின் தலைவிதியில் மேகத்துக்கும் தண்ணீருக்கும் அவ்வளவு பங்கு இருக்கிறது.

1945 ஆகஸ்ட் 9-ஆம் தேதி டினியன் தீவிலிருந்து அணுகுண்டோடு கிளம்பிய அமெரிக்க விமானத்தின் முதல் குறி நாகசாகி அல்ல, கோகுரா. அங்கே பெரிய ஆயுதத் தொழிற்சாலை இருந்தது. ஆனால் மூட்டமும் புகையும் கோகுராவை மறைத்திருந்தன. மூன்று முறை மேலே பறந்து பார்த்தும் குறி கண்ணுக்குத் தெரியவில்லை. எரிபொருளும் குறைந்துகொண்டே வந்தது. விமானம் நாகசாகிப் பக்கம் திரும்பியது. அங்கேயும் மேகம்தான். அதில் ஒரு இடைவெளி கிடைத்தது. 11 மணி 2 நிமிடத்துக்கு, நாகசாகியின் உரகாமிப் பள்ளத்தாக்குக்கு மேலே சுமார் 500 மீட்டர் உயரத்தில் குண்டு வெடித்தது. அந்த ஆண்டு முடிவதற்குள் இறந்தவர்கள் சுமார் 74,000 பேர்.

இதெல்லாம் நான் முன்பே படித்ததுதான். ஆனால் டிராமிலிருந்து இறங்கி, தலைக்கு மேலே தாழ்ந்து கிடந்த அந்த மேகங்களை நிமிர்ந்து பார்த்தபோது எனக்கு உடம்பு நடுங்கியது. இப்படி ஒரு மூட்டம் ஒரு ஊரைக் காப்பாற்றியது. அதே மூட்டம் கொஞ்சம் விலகியதால் இன்னொரு ஊர் எரிந்தது. கோகுராவில் அன்று பிழைத்த குடும்பங்களையும் உரகாமியில் அழிந்த குடும்பங்களையும் பிரித்தது அவ்வளவுதான் என்பதை என்னால் இன்றும் தாங்கிக்கொள்ள முடியவில்லை.

அமைதிப் பூங்காவில் ஒரு நீரூற்று இருக்கிறது. 1969-இல் கட்டியது. உடல் வெந்தவர்கள் ‘தண்ணீர், தண்ணீர்’ என்று கேட்டுக்கொண்டே செத்தார்கள், அவர்களுக்காக எழுப்பியது. அன்று ஒன்பது வயதாக இருந்த ஒரு சிறுமி எழுதிய வரிகளை அங்கே கல்லில் பொறித்திருக்கிறார்கள். தாகம் பொறுக்க முடியவில்லை, தண்ணீரின் மேலே எண்ணெய் போல ஏதோ படர்ந்திருந்தது, இருந்தும் அதை அப்படியே குடித்தேன் என்கிறாள். அந்தக் கல்லின்மீது மழை வழிந்துகொண்டிருந்தது. எதிரே பள்ளிக்கூடப் பிள்ளைகள், ஆளுக்கொரு கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் குடையோடு, வரிசையாக நின்று படித்துக்கொண்டிருந்தார்கள்.

அங்கிருந்து கொஞ்ச தூரம் நடந்தால் குண்டு வெடித்த இடத்துக்கு நேர் கீழே வந்துவிடலாம். கறுப்புக் கல் தூண் ஒன்று நிற்கிறது. எல்லோரும் அதைப் படம் எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். பக்கத்தில் ஓடையை ஒட்டி இறங்கும் படிகளைப் பலர் கவனிப்பதில்லை. கீழே, கண்ணாடிக்குப் பின்னால், அன்றைய மண்ணை அப்படியே வைத்திருக்கிறார்கள். ஓட்டுத் துண்டுகள், செங்கல், உருகிய கண்ணாடி. அவை யாரோ ஒருவர் வீட்டுக் கூரையும் ஜன்னலும். என்னைக் கேட்டால், அந்த ஊரின் பெரிய சிலையைவிட இந்த ஒரு சாண் மண் கனமானது.

உரகாமியைப் பற்றி இன்னொன்று சொல்ல வேண்டும். ஜப்பானில் கிறிஸ்தவம் தடைசெய்யப்பட்டிருந்த இருநூறு ஆண்டுகளுக்கு மேலான காலத்தில், தலைமுறை தலைமுறையாக மறைவாக ஜெபித்து வந்த விவசாயக் குடும்பங்களின் ஊர் அது. 1865 மார்ச்சில், புதிதாகக் கட்டிய ஓவுரா தேவாலயத்துக்குள் நுழைந்து, தாங்களும் அதே விசுவாசிகள்தான் என்று பிரெஞ்சுப் பாதிரியாரிடம் மெல்லச் சொன்னவர்கள் இவர்கள்தான். அப்புறமும் ஊரைவிட்டு வெளியேற்றம், சித்திரவதை. அதையெல்லாம் தாண்டிவந்து கட்டிய உரகாமிப் பேராலயம் அந்த ஒரே நொடியில் விழுந்தது. ஓவுரா தேவாலயம் இன்றும் நிற்கிறது. கப்பல் துறையிலிருந்து நடந்தே போகலாம்.

டெஜிமாவை வேகமாகத்தான் பார்த்தேன். நம் நாகப்பட்டினத்திலும் பழவேற்காட்டிலும் இருந்த அதே டச்சுக் கம்பெனி வியாபாரம் செய்த இடம்.

திரும்பும் வழியில் மெகானேபாஷி. 1634-இல் கட்டிய இரட்டை வளைவுக் கல் பாலம். நிழல் தண்ணீரில் விழுந்தால் மூக்குக்கண்ணாடி போலத் தெரியும் என்பார்கள். அன்று ஆறு கலங்கி ஓடியதால் நிழலே இல்லை. ஆனால் மழையில் அந்தப் பாலத்துக்கு வேறொரு கதை இருக்கிறது. 1982 ஜூலை 23 இரவு, பக்கத்து ஊரான நாகயோவில் ஒரு மணி நேரத்தில் 187 மில்லிமீட்டர் கொட்டியது. அந்த மழையில் இறந்தவர்களும் காணாமல் போனவர்களும் சேர்ந்து 299 பேர். பாலத்தின் ஒரு பகுதியும் அடித்துக்கொண்டு போனது. அதைப் பழையபடி கட்டினார்கள். வெள்ளம் பாலத்தை முட்டாமல் போக, இரு கரையிலும் தனியாக வாய்க்கால் அமைத்தார்கள். வெள்ளம் கண்ட சென்னைக்காரர்கள் நின்று பார்க்க வேண்டிய வேலை அது.

உல்லாசமாகப் போகிற பயணத்தில் எதற்கு இந்தத் துக்கம் என்று ஒரு நண்பர் கேட்டார். துக்கத்தை நாம் தேடிப் போகவில்லை, ஐயா. அந்த ஊரின் வாசலில்தான் நம் கப்பல் நிற்கிறது. வந்த வீட்டில் என்ன நடந்தது என்று கேட்காமல் எப்படித் திரும்புவது?

சரி, போகிறவர்களுக்கு இரண்டு வார்த்தை. மழை என்றால் கப்பலில் விற்கும் பேருந்துச் சுற்றுலா தேவையில்லை, டிராமே போதும். முதலில் வடக்கே பூங்காவுக்குப் போய்விடுங்கள். ஓவுரா தேவாலயம் துறைக்குப் பக்கம்தான், கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். அந்த ஓடைப் படிகள் மழையில் வழுக்கும். பார்த்து இறங்குங்கள், ஆனால் இறங்காமல் வந்துவிடாதீர்கள். நன்றி, வணக்கம்.