பாக்டீரியா எப்படி நீந்துகிறது? காலம் இல்லாத ஒரு சமன்பாடு

[காட்சி: நுண்ணோக்கியின் கீழ் ஒரு நீர்த்துளி, கோல் வடிவ ஈ.கோலை பாக்டீரியாக்கள் விரைகின்றன.]

நீந்துகிற மனிதர் கைகால்களை அசைக்காமல் நிறுத்தினாலும், அவர் உடல் சற்றுத் தூரம் முன்னே வழுக்கிச் செல்லும். நொடிக்குச் சுமார் 20 மைக்ரோமீட்டர் வேகத்தில் செல்லும் ஈ.கோலைக்கு அந்தச் சலுகை கிடையாது. உந்துதல் நின்றால், ஓர் அணுவின் விட்டத்தைக்கூடக் கடப்பதற்குள் அது நின்றுவிடும்.

[திரையில் கணக்கு விரிகிறது.]

நீளத்தையும் வேகத்தையும் பெருக்கி, நீரின் இயக்கப் பாகுநிலையால் (பாகுநிலையை அடர்த்தியால் வகுத்த அளவு) வகுத்தால் ரெனால்ட்ஸ் எண் கிடைக்கும். நிலைமத்தின் (இயக்கத்தை அப்படியே தொடரும் போக்கு) கை ஓங்கியிருக்கிறதா, பாகுநிலையின் (ஓட்டத்தை நீர் எதிர்க்கும் தன்மை) கை ஓங்கியிருக்கிறதா என்பதை அது சொல்லிவிடும். மனிதருக்கு அது சுமார் 10 லட்சம். 2 மைக்ரோமீட்டர் நீளமுள்ள பாக்டீரியாவுக்கு 0.00004.

எண் இவ்வளவு சிறிதாகும்போது, நீர்மங்களின் ஓட்டத்தை விவரிக்கும் நேவியர்–ஸ்டோக்ஸ் சமன்பாட்டில் நிலைமத்துக்குரிய உறுப்புகளை நீக்கிவிடலாம். எஞ்சுகிற ஸ்டோக்ஸ் சமன்பாட்டில் காலம் என்ற மாறியே இல்லை; அசைவின் வேகம் அங்கே பொருட்டல்ல. ஆகவே, இந்த நுண்ணுலகில், ஓடுகளைத் திறந்து மூட மட்டுமே தெரிந்த ஒரு சிப்பி, மெல்லத் திறந்து வேகமாக மூடினாலும், போன தூரம் முழுவதும் திரும்பி வந்து புறப்பட்ட இடத்திலேயே நிற்கும். இயற்பியலாளர் எட்வர்ட் பர்செல் 1977-இல் வெளியான தம் உரையில் இதைச் ‘சிப்பித் தேற்றம்’ என்றார். கடலில் உண்மையான சிப்பி நன்றாகவே நீந்துவதால், பெயர் அதற்குச் சற்று அநியாயம்தான்.

[காட்சி: பாக்டீரியாவின் உடலிலிருந்து நீளும் வால்போன்ற இழையான, சுருள் வடிவக் கசையிழை ஒன்று பெரிதாகிறது.]

முன்னும் பின்னும் ஒரே பாதையில் போய்வராத அசைவு ஒன்று இருந்தால்தான் இந்தத் தேற்றத்திலிருந்து தப்ப முடியும். ஒரே திசையில் சுழலும் திருகு அப்படிப்பட்டது. கசையிழை சாட்டையைப்போல் வீசப்படுவதில்லை, அடியிலுள்ள மோட்டாரால் சுழற்றப்படுகிறது என்று ஆய்வாளர்கள் ஹோவர்ட் பெர்க்கும் ராபர்ட் ஆண்டர்சனும் 1973-இல் வாதிட்டார்கள். மறு ஆண்டிலேயே, இழையைக் கண்ணாடியில் ஒட்டவைத்தபோது உடல் சுற்றுவதைப் பிறர் கண்ணாரக் கண்டார்கள்.

அந்தச் சுருளில் சிறு துண்டு ஒன்றை மட்டும் பாருங்கள். மெல்லிய இழையை அதன் நீளவாக்கில் இழுப்பதைவிடக் குறுக்குவாக்கில் இழுக்கும்போது நீரின் தடை ஏறக்குறைய இரு மடங்காகிறது. துண்டு சாய்ந்திருப்பதால், அது பக்கவாட்டில் நகரும்போது எழும் தடைவிசை நேர் எதிர்த்திசையில் அமையாமல் சற்றுத் திரும்புகிறது. திரும்பிய அந்தக் கூறுதான், சுருள் முழுவதும் சேர்ந்து, உடலை முன்னே தள்ளும் விசையாகிறது. இரு தடைகளும் சமமாக இருந்திருந்தால், நொடிக்கு 100 முறை சுழன்றாலும் பாக்டீரியா ஓர் இம்மியும் நகராது.

[காட்சி: நேரான ஓட்டம், தடுமாற்றம், மீண்டும் ஓட்டம்.]

நகர்ந்தாலும் திசையைக் காப்பது கடினம். நீர் மூலக்கூறுகளின் மோதலால் சுமார் 10 நொடிகளில் அதன் திசை பெரிதும் விலகிவிடுகிறது. எனவே ஈ.கோலை ஏறத்தாழ 1 நொடி ஓடி, 0.1 நொடி தடுமாறிப் புதிய திசையில் கிளம்புகிறது. உணவின் செறிவு கூடிக்கொண்டே வந்தால் மட்டும் அடுத்த தடுமாற்றத்தைத் தள்ளிப்போடுகிறது.