நாலடிப் பலகையில் கோல்ஃப்

நேயர்களுக்கு வணக்கம். ராமேஸ்வரத்துக்குப் பக்கத்தில் மண்டபம் என்கிற ஊரில் மரவேலைப் பட்டறை வைத்திருக்கிறேன். கேரம் பலகை, பல்லாங்குழி என்று விளையாட்டுச் சாமான்கள் செய்வதில் எனக்குத் தனிப் பிரியம். கோல்ஃப் ஆட்டத்தைச் சுருக்கி மேசைமேல் கொண்டுவருவது பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள்.

அது பணக்காரர்கள் ஆடுகிற ஆட்டமாயிற்றே, நமக்கென்ன என்று நினைக்காதீர்கள். ஸ்காட்லாந்தில் அது வளர்ந்ததே கடலோர மணல்மேடுகளில்தான். உழவுக்கு ஆகாத நிலம், குட்டைப் புல், ஓயாத காற்று. அரியமான் கடற்கரையில் நடந்து பழகியவர்களுக்கு அந்த நிலம் புரியும்.

சுருக்குவது என்றதும் எல்லாரும் முதலில் அளவுகோலைத்தான் எடுக்கிறார்கள். கோல்ஃப் பந்தின் குறுக்களவு 42.67 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. குழி 108 மில்லிமீட்டர். நம் பிள்ளைகளின் கோலிக்குண்டு 16 மில்லிமீட்டர் என்றால், அதே விகிதத்தில் குழி 40 மில்லிமீட்டர் வரும். கேரம் குழியைவிடக் கொஞ்சம் சிறிது. வட்டத் துளை போடுகிற ஹோல் சா 40 அளவில் கடையில் கிடைக்கும், வேலை சுலபம். ஆனால் தூரத்தையும் அதே கணக்கில் சுருக்கிப் பாருங்கள். 350 மீட்டர் ஆட்டப்பாதை 131 மீட்டர் ஆகும். மேசையில் எங்கே வைப்பது? தூரத்துக்கு ஏற்றபடி பந்தைச் சுருக்கினால் கண்ணுக்கே தெரியாது.

ஆகவே அளவை விட்டுவிடுங்கள். குறைந்த அடிகளில் பந்தைக் குழியில் போடுவதுதான் கோல்ஃப். அதில் ஒவ்வொரு அடிக்கு முன்னாலும் ஆடுகிறவர் ஒரு முடிவெடுக்கிறார்: துணிந்து நேராகப் போவதா, ஓர் அடி கூடினாலும் பரவாயில்லை என்று சுற்றிப் போவதா? அந்த முடிவு மேசைக்கு வந்தால் கோல்ஃப் வந்துவிட்டது. அது வராமல் பச்சைத் துணியும் குட்டிக் கொடியும் மட்டும் வந்தால் அது வெறும் பொம்மை. கடையில் விற்கிற பல செட்டுகள் எனக்குப் பிடிக்காததற்கு இதுதான் காரணம்.

பலகை நாலுக்கு நாலடி, 18 மில்லிமீட்டர் மரைன் பிளைவுட். உப்புக்காற்றில் சாதாரணப் பலகை ஊறிப் பிரிந்துவிடும், அதில் காசு மிச்சம் பிடிக்க வேண்டாம். குழியை முழுக்கத் துளைத்து, அடியில் மெல்லிய பலகை அடித்தால் போதும். கோலி முழுதும் உள்ளே இறங்கி நிற்கும்.

எத்தனை குழி? மூன்று போதும். ஸ்காட்லாந்தில் செயின்ட் ஆண்ட்ரூஸ் ஊரின் பழைய மைதானத்தில் 1764-ல்தான் 22 குழி 18 ஆனது. அந்தப் பதினெட்டில் 14 குழிகளுக்கு ஏழே புல்தரைகள். ஒவ்வொன்றிலும் இரண்டு குழி: போகும்போது ஒன்று, திரும்பும்போது ஒன்று. அந்த இரண்டு குழிகளின் எண்களைக் கூட்டினால் எல்லா இடத்திலும் 18 வரும். இடநெருக்கடியை அவர்கள் சமாளித்த விதம் அது. நாம் இன்னும் ஒரு படி போய், ஒரே குழியை இரண்டு பக்கமிருந்தும் ஆட வைக்கலாம். மூன்று குழி, ஆறு ஆட்டம்.

பலகையின் நடுவே உளியால் ஆறு மில்லிமீட்டர் ஆழத்துக்கு ஒரு கால்வாய் வெட்டுங்கள். குறுக்கே நாலு சென்டிமீட்டர் அகலத்தில் ஒரு பாலம். பிள்ளைகளே அதற்குப் பாம்பன் பாலம் என்று பெயர் வைத்துவிடுவார்கள். நேராகச் சுண்டிப் பாலத்தில் ஏற்றினால் ஒரே அடியில் அக்கரை. தவறிக் கால்வாயில் விழுந்தால் ஓர் அடி கூடுதல் தண்டம். ஓரமாகச் சுற்றிப் போனால் பயமில்லை, ஆனால் இரண்டு அடி ஆகும். முடிவெடுக்க வேண்டிய இடம் இதுதான்.

மட்டை வேண்டாம். பேந்தா ஆடுகிறபோது கட்டைவிரலைத் தரையில் ஊன்றி, நடுவிரலைப் பின்னால் வில்லாக வளைத்துக் கோலியை விடுவோமே, அதே பிடி. அதில் வேகத்தையும் திசையையும் ஆள முடிகிற அளவுக்குக் குட்டி மட்டையில் முடிவதில்லை.

தரைக்கு நான் சிபாரிசு செய்வது கோரைப் பாய். நெய்த வாக்கில் விட்டால் கோலி வழுக்கிக்கொண்டு ஓடும். குறுக்கே விட்டால் ஒவ்வொரு கோரையாக ஏறி இறங்கிச் சீக்கிரம் அடங்கும். அசல் மைதானத்திலும் புல் சாய்ந்திருக்கிற பக்கத்தைப் பார்த்துத்தான் அடிக்கிறார்கள். முரட்டுப் புல்லுக்குத் தேங்காய் நார், மணற்பள்ளத்துக்குப் பசையில் தூவிய ஒரு பிடி மணல். அழகுக்காகப் பவளப்பாறைத் துண்டைப் பதிக்கும் எண்ணம் மட்டும் வேண்டவே வேண்டாம். மன்னார் வளைகுடாவின் பவளம் சட்டத்தின் பாதுகாப்பில் இருக்கிறது. மீன்குஞ்சுகளுக்கு அதுதான் வீடு.

இனி காற்று. இதைச் சேர்க்காமல் கடலோர கோல்ஃப் கிடையாது. வடகடலான பாக் விரிகுடா கொந்தளித்தால் மீன்பிடிக்கத் தென்கடலான மன்னார் வளைகுடாவுக்குப் போவோம், தென்கடல் கொந்தளித்தால் வடகடலுக்குப் போவோம். காற்றைப் பார்த்துத் தொழிலை மாற்றுகிற ஊர்க்காரர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. மேசையில் காற்றுக்குப் பதில் சாய்வு. வாடை, கொண்டல், கச்சான் என்று மூன்று சீட்டு எழுதிக் குலுக்கி எடுங்கள். வாடை வந்தால் பலகையின் வடபுறத்துக்கு அடியில் அண்டை கொடுத்து உயர்த்த வேண்டும். கொண்டலுக்குக் கிழக்கு, கச்சானுக்குத் தென்மேற்கு மூலை. அண்டைக்கு 12 மில்லிமீட்டர் பிளைவுட் துண்டு போதும். நாலடிக்கு அது நூற்றில் ஒரு பங்குச் சாய்வுதான். ஆனாலும் இரண்டு விநாடி உருளுகிற கோலி, கணக்குப்படி 14 சென்டிமீட்டர் பக்கவாட்டில் விலகும். நாலு சென்டிமீட்டர் பாலத்தைக் குறிவைப்பவருக்கு அது எவ்வளவு பெரிய விலகல்! நேற்று நேராக அடித்த குழிக்கு இன்று வேறு வழி தேட வேண்டும். அதே மூன்று குழி சலிக்காமல் இருப்பது இதனால்தான்.

ஒரு குழிக்கு இத்தனை அடி என்கிற ‘பார்’ எண்ணை மட்டும் பட்டறையில் உட்கார்ந்து எழுதாதீர்கள். வீட்டில் பெரியவர், சிறியவர் எல்லாரையும் காற்றில்லாமல் சில தடவை ஆடவிட்டு, அதிகம் வருகிற எண்ணை எழுதுங்கள். ஒரே அடியில் எல்லாரும் போட்டுவிடுகிற குழி இருந்தால், தொடங்கும் இடத்தை ஒரு சாண் தள்ளி வையுங்கள். பலகையை அறுக்க வேண்டியிருக்காது. வணக்கம்.