வேகம் கூடினால் பின்காலில் தட்டும் ட்ராட்டர் குட்டி: லாடத்தில் என்ன செய்யலாம்?

ஒன்டாரியோவில் வண்டிப் பந்தயக் குதிரைகளைப் பழக்கும் கொட்டில் ஒன்றில் வேலை பார்க்கும் நேயர் கேட்டிருக்கிறார்: “எங்கள் இரண்டு வயது ட்ராட்டர் (ட்ராட் நடையில் ஓடும் பந்தயக் குதிரை) மெதுவாக ஓடும்போது ஒழுங்காக ஓடுகிறது. வேகத்தைக் கூட்டினால் பின்காலில் எதுவோ தட்டும் சத்தம் கேட்கிறது. உடனே ட்ராட்டை விட்டுப் பாய்ச்சலுக்கு மாறிவிடுகிறது. முன்காலுக்குக் கனமான லாடம் அடிக்கலாமா?”

கனத்தை இப்போதைக்குத் தொடவே வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

ட்ராட் நடையில் வலது முன்காலும் இடது பின்காலும் ஒன்றாக எழுகின்றன. ஆகவே வலது முன்குளம்பு தரையை விட்டு மடங்கி எழும் அதே வேளையில், வலது பின்கால் அதன் அடியில் வந்துகொண்டிருக்கிறது. முன்குளம்பு எழச் சற்றே தாமதித்தாலும் அதன் முனை, பின்காலில் குளம்பும் தோலும் சேரும் விளிம்பில் இடிக்கும். வேகம் கூடக் கூட அடி விழும் இடமும் மேலே ஏறும். வண்டிப் பந்தயக் குதிரைகளின் இனமான ஸ்டாண்டர்ட்பிரெட்டுக்கு 1879-இல் வகுத்த தகுதி, ஒரு மைலை 2 நிமிடம் 30 விநாடிக்குள் ஓடுவது. இன்று நல்ல இரண்டு வயதுக் குட்டிகளே 2 நிமிடத்துக்குள் ஓடிவிடுகின்றன. அந்த வேகத்தில் இரு குளம்புகளுக்கும் இடையே கிடைப்பது கண்ணிமைக்கும் அவகாசம்கூட இல்லை.

எனவே முதலில் அடி விழும் இடத்தை உறுதிசெய்யுங்கள். பின்கால்களை ஈரத் துணியால் துடைத்து உலரவிட்டு, முன்லாடங்களின் முனை விளிம்பில் சுண்ணக்கட்டியைக் குழைத்துத் தடவி, தட்டுகிற வேகத்தில் கொஞ்ச தூரம் ஓட்டிப் பாருங்கள். வெள்ளைத் தடம் எந்தக் காலில், எவ்வளவு உயரத்தில் படிந்திருக்கிறது என்பதை அது காட்டிக்கொடுத்துவிடும்.

அடுத்து, லாடம் அடித்த நாளையும் நினைத்துப் பாருங்கள். குளம்பு மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவாக வளர்கிறது. முதல் வாரத்தில் தட்டாத குட்டி நான்காவது வாரத்தில் தட்டுகிறது என்றால், பெரும்பாலும் நீண்டுவிட்ட முனைதான் காரணம். இரண்டு முன்குளம்புகளையும் அளவுகோல் வைத்து ஒரே நீளத்துக்கும் ஒரே கோணத்துக்கும் செதுக்கினாலே பல குட்டிகள் சரியாகிவிடுகின்றன.

அப்படியும் தட்டினால், முன்கால்களுக்குத் தரையைத் தொடும் பக்கம் உருண்டிருக்கும் ஹாஃப் ரவுண்ட் லாடம் அடிக்கச் சொல்லுங்கள். குளம்பு சீக்கிரம் உருண்டு எழும். பின்கால்களுக்குப் பள்ளம் ஓடிய ஸ்வெட்ஜ் லாடம், மண்ணைப் பற்றி வழுக்கலைக் குறைக்கும். இரண்டையும் ஒரே நாளில் மாற்றாதீர்கள். முன்லாடத்தின் பலனைச் சில ஓட்டங்களில் பார்த்த பிறகு பின்லாடத்துக்குப் போங்கள். முன்காலைப் போதிய அளவு மடக்கித் தூக்காத குட்டிக்குத்தான் கனம் உதவும்; எலும்பும் தசைநாரும் இன்னும் முற்றாத இரண்டு வயதில் அது களைப்பைக் கூட்டும், களைத்த குட்டி மைலின் கடைசிப் பகுதியில் முன்னைவிட அதிகமாகத் தட்டும்.

பேசர் குதிரைக்கு இதே வைத்தியம் பொருந்தாது. அதற்கு ஒரே பக்கத்துக் கால்கள் சேர்ந்து எழுவதால், பின்குளம்பு எதிர்ப்பக்க முன்குளம்பின் உட்புறத்தில் இடிக்கும். அங்கே கவனிக்க வேண்டியது பின்லாடத்தை.

இவை முடியும்வரை பின்கால்களுக்குக் காப்புறை கட்டாமல் வேகமாக ஓட்ட வேண்டாம். ஒருமுறை வலி கண்ட குட்டி அடிக்குப் பயந்து காலைக் கோணலாக வைக்கப் பழகிவிட்டால், லாடத்தைச் சரிசெய்த பிறகும் அந்தப் பழக்கம் லேசில் போகாது.