கோடு மேலே இருக்கட்டும்

நேயர்களுக்கு வணக்கம். உயிரியல் பூங்காக்களில் முதலை, ஆமை முட்டைகளைப் பொரிக்கவைப்பதைப் பற்றி இன்று பேசுகிறேன். முட்டை என்றதும் கோழிமுட்டைதான் ஞாபகத்துக்கு வரும். அடைக்கோழி தன் முட்டைகளை அவ்வப்போது உருட்டிவிடும். உருட்டாவிட்டால் குஞ்சு சரியாக வளராது. முதலை முட்டைக்கு இது நேர்மாறு. இட்ட ஒரு நாளிலேயே கரு மேல்பக்கத்துச் சவ்வில் ஒட்டிக்கொள்ளும். அதன்பின் புரட்டினால் கரு செத்துப்போகும். அதனால்தான் பூங்காவில் முதலைக் கூட்டைத் தோண்டுகிறவர் பையில் எப்போதும் ஒரு பென்சில் இருக்கும். மண்ணை விரலால் மெல்ல விலக்குவார். முட்டை கிடந்த வாக்கிலேயே உச்சியில் ஒரு கோடு போடுவார், பிறகுதான் எடுப்பார். பெட்டியில் வைக்கும்போதும் கோடு மேலேதான். திரும்பச் சொல்கிறேன், கோடு மேலே!

அடுத்தது சூடு. முதலைக்கும் ஏராளமான ஆமைகளுக்கும் ஆணா பெண்ணா என்பதை அடைகாக்கும் வெப்பமே தீர்மானிக்கிறது. சதுப்புநில முதலை முட்டைகளை 30 டிகிரியில் வைத்தால் அத்தனையும் பெண். 32.5 டிகிரியை ஒட்டி ஆண். அதையும் தாண்டினால் மறுபடி பெண்கள் வருகின்றன. இரண்டரை டிகிரிதான் வித்தியாசம்! அடைகாக்கும் கருவியின் சூட்டைக் கவனிக்காமல் விட்டால் அந்த வருடத்துக் குஞ்சுகள் எல்லாமே ஒரே பாலாகிவிடும். தெரிந்து செய்தால் அதுவே வரம்.

பசிபிக் கடலில் இருக்கும் கலாபகோஸ் தீவுக்கூட்டத்தின் எஸ்பனோலா தீவைப் பாருங்கள். அங்கே மிஞ்சிய ராட்சத ஆமைகள் 12 பெண், 2 ஆண். ஒன்றையொன்று சந்திக்கக்கூட வழியில்லாமல் சிதறிக் கிடந்தன. அவற்றை ஓர் இனப்பெருக்க மையத்துக்குக் கொண்டுபோனார்கள். அமெரிக்காவின் சான் டியேகோ உயிரியல் பூங்காவிலிருந்து டியேகோ என்ற ஆணும் வந்து சேர, மொத்தம் பதினைந்து. அந்த மையத்தில் முட்டைகளைச் சற்றுக் கூடுதல் சூட்டில் வைத்துப் பெண்களை அதிகமாக்கினார்கள். ஆமைகளில் பெரும்பாலும் சூடு கூடினால் பெண். 2020-இல் திட்டம் முடிந்தபோது ஏறக்குறைய 2,000 ஆமைகள் தீவுக்குத் திரும்பியிருந்தன. பத்திரிகைகள் டியேகோவைக் கொண்டாடின. ஆனால் அதிக வாரிசுகளைத் தந்தது பெயர்கூட இல்லாத இன்னொரு ஆண்; மூன்றாவதுக்கு வாரிசு மிகச் சொற்பம். என் கவலையே இங்கேதான். இரண்டாயிரம் பிள்ளைகள், அநேகமாக இரண்டே தகப்பன்கள்! அப்படியானால் நெருங்கிய உறவுக்குள்ளேயே இணை சேர வேண்டிவரும். எந்தப் பூங்காவும் எத்தனை குஞ்சு பொரித்தது என்று பெருமையாகச் சொல்லும்போது, யாருக்கு யார் பிள்ளை என்ற பதிவேட்டைக் கேளுங்கள். அந்தப் பதிவேடு இல்லாமல் எண்ணிக்கையை மட்டும் வைத்து நான் மகிழ்வதில்லை.

காட்டில் விடுவதைப் பற்றி விரிவாகச் சொல்ல எண்ணியிருந்தேன், நேரம் முடியப்போகிறது. சுருக்கமாக: சின்னக் குஞ்சைப் பருந்து விட்டுவைக்காது, அதனால் நான்கைந்து வயது வரை வளர்த்துத்தான் விடுகிறார்கள். ஆமைகளின் தீனியைத் தின்று தீர்த்த ஆடுகளையும் தீவிலிருந்து அகற்றினார்கள். விட்ட ஆமைகள் இப்போது தீவிலேயே முட்டையிடுகின்றன. நன்றி, வணக்கம்.