உம்மும் ஓவும்: ஒப்பிட்டு எழுதப் பழக்குதல்

ஆசிரியப் பெருமக்களுக்கு வணக்கம்.

ஐந்தாம் வகுப்பில், "மதுரை வண்டியூர்த் தெப்பக்குளத்தையும் உங்கள் ஊர்க் கண்மாயையும் ஒப்பிட்டு ஒரு பத்தி எழுதுங்கள்" என்று சொல்லிப் பாருங்கள். பல நோட்டுகளில் இப்படித்தான் இருக்கும்: "தெப்பக்குளத்தை 1645இல் திருமலை நாயக்கர் வெட்டினார். கண்மாயில் மீன் பிடிப்பார்கள்." இரண்டும் சரியான செய்திதான். ஒப்பீடு மட்டும் இல்லை. ஒருவரிடம் வயதைக் கேட்டுவிட்டு அடுத்தவரிடம் தொழிலைக் கேட்ட மாதிரி. பிள்ளைக்கு எழுத வரவில்லை என்று சொல்லிவிடுகிறோம். எதை வைத்து ஒப்பிட வேண்டும் என்று நாம் சொல்லித் தரவில்லையே!

ஆகவே முதல் நாள் பத்தியே வேண்டாம். கரும்பலகையில் மூன்று கட்டம் போடுங்கள். இடப்பக்கம் தெப்பக்குளம், வலப்பக்கம் கண்மாய், நடுவில் கேள்வி. பலர் இரண்டு கட்டத்தோடு நிறுத்திவிடுகிறோம், கோளாறு அங்கேதான். தண்ணீர் எப்படி வருகிறது? இரண்டுக்கும் வாய்க்கால் வழியாக. கரை எப்படி? அங்கே கல், இங்கே மண். வடிவம்? அது சதுரம், இது வளைந்து கிடக்கும். தண்ணீர் எதற்கு? தை மாதத் தெப்பத் திருவிழாவுக்கு, வயலுக்கு. ஒரு கேள்விக்கு ஒரு பக்கம் மட்டும் பதில் வந்தால், கேள்வியையே அழித்துவிடுங்கள். நான்கு கேள்வி போதும். எட்டு வைத்தால் பத்தி பட்டியலாகிவிடும்.

மறுநாள் மொழிக்கு வாருங்கள். தமிழில் இதற்கு இரண்டு சின்னச் சொற்கள் இருக்கின்றன. ஒற்றுமைக்கு 'உம்': "தெப்பக்குளத்துக்கும் கண்மாய்க்கும் வாய்க்கால் வழியாகவே தண்ணீர் வருகிறது." வேற்றுமைக்கு 'ஓ': "தெப்பக்குளத்தின் கரை கல்லால் கட்டியது, கண்மாயின் கரையோ மண்ணால் ஆனது." உம் பிள்ளைகளின் வாயிலேயே இருக்கிறது. "அண்ணனும் வர்றான், நானும் வர்றேன்" என்று சொல்லாத பிள்ளை உண்டா? ஓ அப்படியில்லை. பேச்சில் அந்த இடத்தை 'ஆனா' பிடித்துக்கொள்கிறது. அதனால்தான் ஐந்து வரியில் ஐந்து 'ஆனால்' வருகிறது. எழுதவிடுவதற்கு முன் பத்து வாக்கியமாவது ஓகாரம் வைத்து வாய்விட்டுச் சொல்லச் சொல்லுங்கள். பத்திக்கு ஒரு 'ஆனால்' என்று வரம்பும் வையுங்கள்.

அப்புறம் பத்தி. முதல் வாக்கியத்தில் இரண்டின் பெயரும் வர வேண்டும்: "தெப்பக்குளமும் கண்மாயும் மனிதர் உண்டாக்கிய நீர்நிலைகள்." பிறகு கேள்விக்கு ஒரு வாக்கியம், ஒற்றுமை முதலில். மொத்தம் ஐந்து வாக்கியம்.

திருத்தும்போது சிவப்பு மையை எடுக்காதீர்கள். தெப்பக்குளத்தைப் பற்றிய சொற்களுக்கு நீலக் கோடு, கண்மாய்க்குப் பென்சில் கோடு, பிள்ளையே போடட்டும். மேல்பாதி முழுக்க நீலம், கீழ்ப்பாதி முழுக்கப் பென்சில் என்றால் இரண்டு தனிக் கட்டுரை ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். பெரிய வகுப்பில் அப்படிப் பிரித்தும் எழுதலாம்; இந்த வயதில் கீழ்ப்பாதிக்கு வரும்போது மேலே எழுதிய கேள்வி மறந்துபோகும். அந்தப் பிள்ளையை மறுபடி மூன்று கட்டத்துக்கே கூட்டிப்போய், ஒரே ஒரு கேள்வியை மட்டும் எடுத்து ஒரு வாக்கியம் எழுத வையுங்கள்.